ஊரை அளந்த பிறகு சாலையை அளக்கலாம்

திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், முசிறி தாண்டியதிலிருந்து கண்ணுக்கு வாழைதான். நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால், கோரை வயல், வாய்க்கால் மதகு. அதற்கும் அப்பால் காவிரி. வலப்பக்கம் பார்த்தால் மேட்டுக்காடு, தூரத்தில் தலைமலையின் நீலம். தொட்டியம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆற்றுப் பாசனத்துக்கும் மானாவாரிக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வளர்ந்திருக்கிறது.

ஒரு வைகாசி விடியலில் அங்கே இறங்கி, டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். மணி ஐந்தரை இருக்கும். தலையில் வாழையிலைக் கட்டுடன் ஓர் அம்மா தெற்கேயிருந்து வந்து சாலையோரம் நின்றார். எதிர்ப்பக்கம் நிற்கிற பேருந்தில் அந்தக் கட்டை ஏற்ற வேண்டும். நாமக்கல் பக்கமிருந்து முட்டை ஏற்றிய லாரி, அதன் பின்னால் ஒரு டிப்பர், அதையும் முந்தப் பார்க்கும் ஒரு கார். கழுத்தைத் திருப்ப முடியாத சுமை. உடம்பையே திருப்பித்தான் சாலையைப் பார்த்தார். இரண்டு முறை இறங்கினார், இரண்டு முறையும் பின்வாங்கினார். மூன்றாவது முறை ஓட்டமும் நடையுமாகக் கடந்து முடித்தபோது பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் போட்ட சத்தத்தில்தான் ஓட்டுநர் நிறுத்தினார். அந்தக் கட்டு அன்று திருச்சி போய்ச் சேர்ந்திருக்கும். எத்தனையோ இலைகளில் மதியச் சாப்பாடு நடந்திருக்கும்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தலாமா, புறவழிச்சாலை போடலாமா என்று முடிவெடுக்க முதலில் நடப்பது வாகனக் கணக்கெடுப்பு. சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு காருக்குச் சமமாக மாற்றிக் கூட்டுவது பொறியாளர்களின் வழக்கம். லாரிக்கு ஒரு மதிப்பு, பேருந்துக்கு ஒன்று, மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும்கூட ஒன்று உண்டு. குறுக்கே கடக்கிறவருக்கு அந்தக் கூட்டலில் இடம் இல்லை. சாலை நெடுக்காகப் போகிறது, ஊரோ குறுக்காக வாழ்கிறது. வீடு வடக்கே, வயல் தெற்கே. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், மருந்துக்கடை மறுபக்கம். நான் சொல்ல வந்தது இதுதான்: தொட்டியம் போன்ற ஊருக்குள் அளவுச் சங்கிலி வருவதற்கு முன்னால், அந்த ஊருக்கென்று ஒரு திட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாலைத் திட்டம் அதற்குள் அடங்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். சாலை வந்துவிடுகிறது, மிச்சம் மீதியில் ஊர் தன்னை ஒதுக்கிக்கொள்கிறது.

இந்த ஊர்களுக்குத் திட்டம் இல்லாமல் போனதற்கு அவற்றின் இரண்டுங்கெட்டான் நிலையும் ஒரு காரணம். அரசியலமைப்பின் 74-வது திருத்தம் இத்தகைய ஊர்களைப் பற்றி ஒரு வரி சொல்கிறது: கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி. தமிழ்நாட்டில் அதற்குப் பேரூராட்சி என்று பெயர். 2004-ல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கினார்கள். பலகைதான் மாறி மாறி வந்தது. வாய்க்காலும் வாழையும் இருந்த இடத்திலேயே இருந்தன. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. ஊராட்சியில் குடியிருப்பவர் ஆண்டுக்கு ஆறு முறை எழுந்து நின்று "எங்க ஊரு வழியா என்ன போடப் போறீங்க?" என்று கேட்கலாம், தொட்டியத்துக்காரர் மனு எழுதிக்கொண்டு செயல் அலுவலரின் அறைக்குத்தான் போக வேண்டும். நூறு நாள் வேலை இந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வாழைத்தோப்பில் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு, தன் வீடு எல்லைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்து வந்திருக்கிறது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று எல்லா வாய்ப்பும் அதில் இருக்கிறது. ஆனால் பெரிய நகரங்களைச் சுற்றித்தான் அது உருப்படியாக நடந்திருக்கிறது. சிற்றூர்களில் திட்டம் என்ற பெயரில் மக்கள் கண்ணில் படுவது மனைப்பிரிவு அனுமதி மட்டுமே. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே, திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும், விற்றுப்போன மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளும் வந்தன. நல்ல காரியங்கள்தான். ஆனாலும் இவை ஒவ்வொரு மனையாகப் பார்க்கிற கண். பத்து மனைப்பிரிவுகள் தனித்தனியே அனுமதி வாங்கி வரிசையாக நெடுஞ்சாலையில் வாசல் திறந்தால், அந்தப் பத்து வாசலும் சேர்ந்து சாலையை என்ன செய்யும், பின்னால் இருக்கும் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை என்ன ஆகும் என்று சேர்த்துப் பார்க்கிற கண் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

சேர்த்துப் பார்க்காததன் விலை என்ன என்று தெரிய வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி–தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14.5 கிலோமீட்டர். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று வீடும் கடையும் பள்ளியும் நெருங்கி நிற்கும் தடம். அங்கே நான்குவழிச் சாலையைப் போட்டார்கள், சர்வீஸ் சாலை இல்லாமல். பக்கத்துத் தெருவுக்குப் போகிற ஸ்கூட்டரும் தஞ்சைக்குப் பறக்கிற பேருந்தும் ஒரே தடத்தில். விபத்து நடந்த பிறகுதான் சர்வீஸ் சாலை பற்றிய பேச்சு தொடங்கியது. அதற்குள் சாலையோரக் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன, நிலத்தின் விலை ஏறிவிட்டது. குடியிருப்போர் சர்வீஸ் சாலை கேட்டுப் போராடினார்கள். இடத்தை இழக்க வேண்டிய வியாபாரிகள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆண்டுகள் பத்துக்கு மேல் ஓடின. இரண்டு தரப்பும் நம் ஆட்கள், இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. முதல் வரைபடத்திலேயே சில மீட்டரை ஒதுக்கியிருந்தால் இந்தப் பகையே வந்திருக்காது. ஒரே தெருவில் வாழ்கிறவர்களை எதிரெதிர் மனுதாரர்களாக நிறுத்தியது அந்தக் காகிதத்தில் விடுபட்ட ஒரு கோடு.

தொட்டியத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு சாரார் "பைபாஸ் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள். சரியாகப் போய்விடுமா? புறவழிச்சாலை எந்தப் பக்கம் போகும் என்பதில் ஆரம்பிக்கிறது சிக்கல். தெற்கே போனால் நஞ்சை, படுகை நிலம், வடகரை வாய்க்கால், காட்டுப்புத்தூர் வாய்க்கால் என்று ஆற்றோடு சேர்ந்து ஓடும் பாசனம். 2014-ல் மாயனூரில் கதவணை வந்த பிறகு ஆற்றில் தேங்கி நிற்கிற தண்ணீரின் அருமை இரண்டு கரைக்காரர்களுக்கும் தெரியும். வாய்க்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மண்மேடு போனால், கீழே குழாய் வைத்துவிட்டோம் என்று சொல்வார்கள். குழாயில் செத்தையும் வாழைச் சருகும் அடைத்த பிறகு கடைமடைக்காரன் நள்ளிரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்க்க வேண்டும்.

நிலத்தைக் கொடுப்பவருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் தோப்பில் நிற்கிறவர் எல்லாரும் நிலக்காரர் இல்லை. காவிரிக் கரையில் வாழையில் பெரும்பகுதி குத்தகைக் காலில் நடக்கிறது. கன்று நட்டு, மண் அணைத்து, பக்கக்கன்று கழித்து, சித்திரை வைகாசிக் காற்றுக்குச் சாயாமல் ஒவ்வொரு மரத்துக்கும் கட்டை முட்டுக் கொடுத்து, தார் வெட்டுகிற வரை ஏறக்குறைய ஒரு வருஷம் கடன் வாங்கித் தள்ளுகிறவர் குத்தகைக்காரர். பூவன், நேந்திரன், ஏலரிசி எதுவானாலும் தார் மண்டிக்குப் போன பிறகுதான் அவர் கையில் காசு. வாய்ப்பேச்சில் முடிந்த குத்தகை, காகிதம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. அந்த இடத்தில் மூன்று வருஷமாக அதை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வருஷத்துக்கு ஒரு வயல் மாறுகிறவர் இதை எப்படி நிரூபிப்பார்? மாநில நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுப்பது 2001-ன் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். அதில் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற படியே இல்லை. உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த வழியை அடைத்தது; சட்டமன்றம் அதே ஆண்டு புதிய சட்டத்தால் மீட்டது; உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் அதைச் செல்லும் என்றது. ஆக, தோப்பில் யார் யார் பிழைக்கிறார்கள் என்று எழுதிவைக்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் பேரூராட்சியும் வேளாண் துறையும் எழுதிவைக்கத் தடையும் இல்லை.

இழப்பீட்டிலும் அந்த இரண்டுங்கெட்டான் நிலை வந்து நிற்கிறது. 2013 சட்டத்தின் அட்டவணைப்படி நகர்ப்புற நிலத்தின் சந்தை மதிப்பைப் பெருக்கும் எண் ஒன்று. ஊரகம் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வரை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வாழைத்தோப்பு, அந்தப் பக்கம் ஒரு வாழைத்தோப்பு. ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்றை ஊர் என்றும் மற்றதை நகரம் என்றும் எண்ணிவிட்டால் கையில் வருகிற தொகை வேறு. திட்டம் எழுதும்போதே இதைப் பேசி முடிக்க வேண்டும்.

புறவழிச்சாலைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சாலை ஊருக்கு வெளியே போனால் பேருந்தும் வெளியே போய்விடும். நான்குவழிச் சாலைகள் வந்த ஊர்களிலெல்லாம் இந்தச் சண்டையைப் பார்த்திருக்கிறோம்: "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்குங்க." ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தையுடன் ஒரு பெண்ணை விளக்கில்லாத மேம்பால அடியில் இறக்கிவிட்டுப் போகிற பேருந்துக்கு ஐந்து நிமிடம் மிச்சம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. திருச்சி பஞ்சப்பூரில் 2025-ல் திறந்த பெரிய முனையம் நகரத்துக்குத் தேவையான ஒன்று. அதோடு சேர்த்துத் தொட்டியத்திலும் காட்டுப்புத்தூரிலும் எந்தப் பேருந்து எங்கே நின்றாக வேண்டும் என்பது அனுமதிச் சீட்டிலேயே கண்டிப்பான விதியாக வரவில்லை என்றால், நீண்ட தூர வண்டிகள் சிற்றூரைக் கைகழுவும்.

புறவழி வேண்டாம், இருக்கிற சாலையையே மாற்றியமைக்கலாம் என்று ஒரு வழி உண்டு. டென்மார்க்கில் 1980-களில் வின்டெரூப், ஸ்கேர்பெக், உகெர்லோசே என்ற மூன்று சிற்றூர்களில் இதைச் செய்துபார்த்தார்கள். ஊருக்கு வெளியே புதுச் சாலை போடாமல், ஊருக்குள் வரும் நெடுஞ்சாலையின் நடத்தையை மாற்றினார்கள்: நுழைவாயிலில் தடத்தைக் குறுக்கினார்கள், மரம் வைத்தார்கள், தரையின் தன்மையை மாற்றினார்கள், கடக்கும் இடங்களை உயர்த்திக் காட்டினார்கள். ஓட்டுநருக்குத் தான் ஊருக்குள் வந்துவிட்டோம் என்பது பலகையைப் படிக்காமலே தெரிந்தது; வேகம் குறைந்தது. நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் எல்லை என்று 2020-ன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அந்த வேகத்தில் மோதினால் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார் என்பதுதான் கணக்கு. 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அடிபடாமல் இருக்க வழி செய்வதும் அதே அரசின் வேலை. ஊருக்குள் வரும் இரண்டு கிலோமீட்டரில் தாரை உயர்த்தி நாலைந்து இடத்தில் கடக்கும் மேடை அமைப்பதற்கு நிலம் எடுக்க வேண்டியதே இல்லை.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் வடக்கிலிருந்து மேட்டுக்காட்டு ஓடைகளில் இறங்கி, சாலையைத் தாண்டி, வடிகால் வழியே காவிரிக்குப் போகிற நிலம் இது. சாலை அதற்குக் குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் அது சில அங்குலம் உயர்ந்து உயர்ந்து, கடைசியில் ஒரு கரையாகவே ஆகிவிடுகிறது. இந்தத் தடத்தில் ஒரு வீட்டைப் பார்த்தேன். கட்டினபோது இரண்டு படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டியிருந்ததாம். இப்போது சாலையிலிருந்து ஒரு படி இறங்கித் திண்ணை. வாசலில் சிமெண்டால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தார்கள். மழை பிடித்தால் அதன்மேல் சாக்கு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவு இந்த ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும், ஊர் நம்பும்.

நிலத்தின் குணம் தெரிந்து திட்டம் போட்ட உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முசிறியில், ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் கழிவு கிணற்றில் கலக்கும். அதனால் அங்கே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் சூழல் கழிப்பறைகளை ஒரு தொண்டு நிறுவனம் மக்களோடு சேர்ந்து அமைத்தது. 2008 வாக்கில் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவருக்குக் கட்டணம் கேட்காமல், எதிர்மாறாகச் சில காசு கொடுத்ததும் அங்கேதான். நாடு முழுக்க ஒரே அச்சு வரைபடம் அனுப்பப்படுகிற ஒரு விஷயத்தில், அந்த ஊர் தன் நிலத்தடி நீரைப் பார்த்து முடிவெடுத்தது. அன்று அது பேரூராட்சி. 2021-ல் நகராட்சி ஆனது. ஒரு சிற்றூருக்குத் தன்னைத் தானே திட்டமிடும் அறிவு இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

தொட்டியத்துக்கென்று உள்ள சாட்சி மதுரை காளியம்மன் கோயில் தேர். பங்குனியில் முப்பதடி உயரத்துக்கு இரண்டு தேர்கள். இழுத்துப் போகிற தேர் அல்ல, தோளில் தூக்கிப் போகிற தேர். சுற்றுப்பட்டி ஆண்கள் நூற்றுக்கணக்கில் தோள் கொடுக்க, அந்த உயரம் அசைந்து அசைந்து தெருவில் வரும். சக்கரத் தேருக்கு முன்னும் பின்னும் போதும். தோளில் வரும் தேருக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க அகலம் வேண்டும், தலைக்கு மேல் கம்பி இருக்கக் கூடாது, திரும்பும் முக்கில் யாரும் தடுக்கி விழ மேடு பள்ளம் இருக்கக் கூடாது. எந்தத் தெரு எவ்வளவு அகலம், எங்கே கூரை நீட்டியிருக்கிறது, எந்த முக்கில் மூச்சு வாங்க நிறுத்த வேண்டும் என்பது தேர் தூக்குகிற ஒவ்வொருவர் உடம்பிலும் பதிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியும் உத்திர வீதியும் திருவிழாவைக் கணக்கில் வைத்து அமைந்த வீதிகள் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தொட்டியத்தில் அந்தக் கணக்கைக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை. நாளை சாலை நடுவே ஒரு தடுப்புச் சுவரும் உயரத்தில் ஒரு வழிகாட்டி வளைவும் வந்தால், அடுத்த பங்குனியில் அதை உடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிவரும்.

எனவே என் கோரிக்கை பெரிய தொகை கேட்பதல்ல. பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் தொங்க வேண்டும். அதில் முதலில் தண்ணீர்: வாய்க்கால், மதகு, வடிகால், வடக்கிலிருந்து வரும் ஒவ்வோர் ஓடை. அடுத்தது தேர் போகும் வழி. பிறகு இலையும் தாரும் தோப்பிலிருந்து மண்டிக்கு வரும் பாதைகள், லாரி நின்று ஏற்ற ஓர் இடம், சாலையோரம் கடை போடுகிறவர்களுக்கு ஓர் இடம். 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது அவர்களிலிருந்தே வர வேண்டும். பிறகு பிள்ளைகள் பள்ளிக்குக் கடக்கும் இடங்கள். இவ்வளவும் வரைந்த பிறகு மிஞ்சும் இடத்தில் சாலைக்கு எவ்வளவு அகலம் கிடைக்கிறது என்று நெடுஞ்சாலைத் துறை அளந்துகொள்ளட்டும். போதாவிட்டால் வடக்கு மேட்டு நிலத்தில் மாற்றுத் தடம் தேடட்டும்.

இதை வரைய வெளியூர் ஆலோசனை நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். திருச்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. வாழை ஆராய்ச்சிக்கென்று 1993-லிருந்து ஒரு தேசிய மையமே இருக்கிறது. தோளூர்பட்டியில், சாலையோரத்திலேயே, ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. வாய்க்காலின் நீர்ப்பாசனப் பணியாளர் ஒருவர், தேர் தூக்கும் பட்டிக்கு ஒருவர், மண்டியில் தார் எண்ணுகிறவர் ஒருவர், இலை கட்டுகிற பெண்கள் நாலு பேர். இவர்களோடு பத்து மாணவர்களை நடக்கவிட்டால், சாலைக்குக் கீழே எத்தனை ஓடை போகிறது, அதில் எத்தனை குழாய் அடைத்திருக்கிறது என்று ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எண்ணி முடித்துவிடலாம்.